கோட்டின் திசையும் கலைஞனின் வாய்மையும்

இயற்கையிற் கோடு என்று தனியே ஒரு பொருள் இல்லை. நிலம் இருக்கின்றது, வானம் இருக்கின்றது, அவை இரண்டும் பொருந்துமிடத்தைக் கோடெனக் கண்டுகொள்வது மனிதனின் கண். வயலின் வரம்பு, தோணியின் விளிம்பு, வலையின் கயிறு, வளைந்த முதுகு ஆகிய யாவும் இவ்வாறே கண்ணுக்குக் கோடுகளாகின்றன. ஓவியன் அக்கோட்டைத் தன் கையால் வரைகின்றான். நிழற்படக் கலைஞனோ வரைவதில்லை. தான் நிற்கும் இடத்தாலும், கமராவைப் பிடிக்கும் கோணத்தாலும், பொத்தானை அழுத்தும் கணத்தாலும் அதனைத் தெரிந்தெடுக்கின்றான். வரைந்தவன், “இஃது என் கற்பனை” என்று கூறிவிடலாம். தெரிந்தெடுத்தவனுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. அவனது படத்தை உலகம் நடந்ததொன்றின் சான்றாகவே ஏற்கின்றது. ஆகவே, அழகியலிற் சிறிய நுட்பமாகத் தோன்றும் கோட்டின் திசை, சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து அறவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது.

இதனைத் தெளிவாக்க ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்தது கட்டைபறிச்சான். களப்பும் கண்டற் காடும் வயலும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் சிற்றூர் அது. விடியற் பொழுதில் அங்கு ஒருவர் முழங்காலளவு நீரில் நின்று வீச்சுவலை வீசுகின்றார் என்றும், அவரை ஒரு கலைஞன் இருவகையிற் படம் பிடிக்கின்றான் என்றும் கொள்வோம். முதற் படத்தில் அவன் தொலைவில் நிற்கின்றான். கமராவை மட்டமாகப் பிடிக்கின்றான். நீரின் கோடு சட்டகத்தின் இடப்புறத்திலிருந்து வலப்புறம்வரை கிடையாக ஓடுகின்றது. மனிதர் அதன்மீது சிறியதொரு நிலைக்குத்துக் கோடாக நிற்கின்றார். இரண்டாவது படத்தில் அவன் அருகே சென்று, தாழக் குனிந்து, கமராவைச் சாய்த்துப் பிடிக்கின்றான். வீசிய கையும் விரியும் வலையும் சட்டகத்தின் கீழ்மூலையிலிருந்து எதிர்ப்புற மேல்மூலைக்குப் பாயும் சரிகோடாகின்றன. மனிதர் ஒருவரே, விடியல் ஒன்றே, இடைப்பட்ட நேரம் ஓரிரு நிமிடங்களே. எனினும் முதற் படத்தில் அவர் அமைதியின் ஓர் உறுப்பு. இரண்டாவதில் உழைப்பின் வீரர். அவரோ நள்ளிரவு முதல் ஒன்றும் அகப்படாமற் களைத்து நிற்பவராக இருத்தல் கூடும். அவ்வாறாயின் அவரது களைப்பு எப்படத்தில் இருக்கின்றது? அது எதிலும் இல்லையெனின் அதற்குப் பொறுப்பாளர் யார்?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், கோட்டின் திசை உணர்ச்சியை எவ்வாறு பிறப்பிக்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். கிடைக்கோடு அமைதியையும், நிலைக்குத்துக் கோடு உறுதியையும், சரிகோடு இயக்கத்தையும் தரும் என்பது நிழற்படக் கலையைத் தொடக்கத்திற் பயில்வோர்க்குக் கற்பிக்கப்படும் பாடம். ருசிய ஓவியரான கன்டின்ஸ்கி 1926 இல் வெளியிட்ட ‘புள்ளியும் கோடும் தளமும்’ என்ற நூலிற் கிடைக்கோட்டைக் குளிர்ந்ததென்றும், நிலைக்குத்துக் கோட்டை வெம்மையானதென்றும், மூலைவிட்டமாகச் செல்வதை இரண்டும் கலந்ததென்றும் வகுத்தார். இவ்வகுப்பின் வேர் மனித உடலிலேயே உள்ளது. உறங்குபவன் கிடையாகக் கிடக்கின்றான். விழித்தெழுந்தவன் நிலைக்குத்தாக நிற்கின்றான். ஓடுபவனும், பாரம் இழுப்பவனும், வீழ்பவனும் சாய்ந்திருக்கின்றனர். சாய்ந்த நிலை நீடிக்க முடியாத நிலை. அடுத்த கணத்தில் அது ஒன்றில் நிமிரவேண்டும், அல்லது விழவேண்டும். அந்த அடுத்த கணத்தைக் கண் எதிர்பார்ப்பதனாலேயே அசையாத படத்தில் அசைவு தோன்றுகின்றது. காண்பவன் தன் உடலின் அனுபவத்தையே காகிதத்தில் மீண்டும் காண்கின்றான் எனலாம்.

எனினும் சரிகோடு தனித்து நின்று இயக்கத்தைத் தருவதில்லை. பிரான்சிய நிழற்படக் கலைஞரான ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932 இற் பாரிசின் சென் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தில் எடுத்த படம் இதற்குச் சான்று. தேங்கிய நீரின்மேல் ஒருவன் தாவுகின்றான். அவனுடைய கால்கள் விரிந்து சரிகோடுகளாகின்றன. நீரில் ஓர் ஏணி கிடையாகக் கிடக்கின்றது. பின்னால் வேலிக் கம்பிகள் நிலைக்குத்தாக நிற்கின்றன. நீரோ கண்ணாடி போல் அசைவற்றிருக்கின்றது. அந்த அசைவின்மையே தாவலுக்கு விசையைத் தருகின்றது. அமைதியும் இயக்கமும் ஒன்றையொன்று அளக்கும் கோல்கள். ஒன்றை முற்றாக நீக்கினால் மற்றது பொருளற்றுப் போகும்.

இவ்வுண்மை மேனாட்டார் மட்டும் கண்டதன்று. கோட்டின் திசைக்கும் உள்ளத்தின் நிலைக்கும் உள்ள தொடர்பை இந்தியச் சிற்ப மரபு பல நூற்றாண்டுகளின் முன்னரே இலக்கணமாக வகுத்துவிட்டது. உடலின் நடுக்கோடு வளையாது நேராக நிற்பது சமபங்கம். அது தியானத்திற்கும் அமைதிக்கும் உரியது. சிறிதே வளைவது அபங்கம். தலையும் உடலும் காலும் மூன்றிடத்தில் மாறி வளைவது திரிபங்கம், அது நளினத்திற்குரியது. பெருவளைவும் சாய்வும் கொண்டது அதிபங்கம்; அது போருக்கும் ஆடலுக்கும் உரியது. சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனியில் இவ்விலக்கணம் தன் உச்சியை அடைகின்றது. தூக்கிய திருவடியும், வீசிய கரமும், பறக்கும் சடையும் சரிகோடுகளாகப் பாய்கின்றன. திருமுகமோ சலனமின்றி நேர் நோக்குகின்றது. ஊன்றிய திருவடிக்கு மேலாகத் திருமுடி நிற்க, முழுப் பாரமும் ஒரு நிலைக்குத்துக் கோட்டிற் சமன் அடைகின்றது. பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு அரும்பொருட்சாலையை அடைந்த வெண்கலத் திருவுருவங்களிலும் இதே அமைதியையும் ஆற்றலையும் ஒருங்கே காணலாம்.

பொலன்னறுவையிலேயே இவ்வாய்வுக்கு இன்றியமையாத இன்னொரு சான்று இருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு மன்னன் காலத்திற் குடையப்பட்ட கல்விகாரையிற் பள்ளிகொண்ட புத்தரின் உருவம் ஏறக்குறைய 14 மீட்டர் நீளமுடையது. தலையணை முதற் பாதம் வரை நீண்டு கிடக்கும் அக்கிடைக்கோட்டினும் மேலான அமைதியை இலங்கையின் கற்களிற் காண்பது அரிது. ஆனால் அக்கோடு மட்டும் ஒரு வினாவுக்கு விடை தருவதில்லை. அவர் துயில்கின்றாரா? அன்றிப் பரிநிருவாணம் எய்திவிட்டாரா? கிடைக்கோடு உறக்கத்திற்கும் மரணத்திற்கும் பொதுவானது. சிற்பி அவ்வையத்தைப் பாதங்களில் தீர்த்துவைத்தான். பாதங்கள் இரண்டும் விளிம்பொத்து ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை; மேலுள்ள இடப்பாதம் சற்றே பின்வாங்கியிருக்கின்றது. அது பரிநிருவாணத்தின் குறி என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அத்துணை நீண்ட பாறையில் அந்தச் சிறிய விலகல் இல்லாவிடினும் சிலை அழகாகவே இருந்திருக்கும். ஆயின் அந்த அமைதி எத்தகைய அமைதி என்பதை அது கூறியிராது. அழகுக்குத் தேவையற்றதும் வாய்மைக்குத் தேவையானதுமான ஒரு கோட்டைச் சிற்பி அங்கே செதுக்கினான். நிழற்படக் கலைஞனுக்கும் இத்தகைய கடமை ஒன்று உண்டு என்பதே இங்கு நிறுவப்படவுள்ளது.

இதற்கு எதிராகச் சிலர், “கலைஞன் எத்திசையையும் தெரிய வேண்டியதில்லை; உள்ளதை உள்ளவாறே எடுத்தால் அறச்சிக்கல் எழாது” என்பர். இக்கூற்று எளிமையானது, ஆனால் நிறைவேற்ற இயலாதது. நிழற்படத்தின் சட்டகம் நாற்கோணம். அதனுள் வரும் எக்கோடும் அதன் பக்கங்களுக்கு இணையாக அல்லது சாய்வாக அமைந்தே தீரும். கண்ணுக்குச் சட்டகம் இல்லை; கமராவுக்கு உண்டு. மட்டமாகப் பிடித்தலும் ஒரு தெரிவே. நின்று எடுத்தலும், இருந்து எடுத்தலும், விலகி நின்று எடுத்தலும் தெரிவுகளே. மேலும், கோட்டின் பொருள் காண்பவனின் பழக்கத்தையும் பொறுத்தது. கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்குச் செல்லும் கோடு ஏறுவதாகவும், மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்கு வருவது இறங்குவதாகவும் தோன்றுகின்றன என்பதைச் சுவிற்சர்லாந்துக் கலை வரலாற்றறிஞரான வொல்ஃப்லின் எடுத்துக்காட்டினார். இடமிருந்து வலமாக வாசிக்கும் கண்ணின் பழக்கம் இதிற் பங்குகொள்கின்றது என்பதும், வலமிருந்து இடமாக எழுதும் மொழியினரிடையே இவ்விருப்பம் வேறுபடுகின்றது என்பதும் பின்வந்த ஆய்வுகளால் உணர்த்தப்பட்டுள்ளன. மூதூர்ப் பகுதியில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அங்கு முஸ்லிம் சிறுவர் பாடசாலையில் தமிழை இடமிருந்து வலமாகவும், குர்ஆன் மதரசாவில் அரபை வலமிருந்து இடமாகவும் வாசித்துப் பழகுகின்றனர். ஒரே களப்பின் படம் எல்லாக் கண்களுக்கும் ஒரே திசையிற் செல்வதில்லை. ஆகவே நடுநிலையான கோடு என்று ஒன்று இல்லை. தெரிவு தவிர்க்க முடியாததாயின், தெரிவுக்குரிய பொறுப்பும் தவிர்க்க முடியாததே.

இப்பொறுப்புத் தவறுமிடத்து என்ன நிகழும் என்பதற்கு வரலாறு இருவகைச் சான்றுகளைத் தருகின்றது. முதலாவது, ஆற்றலின் பெயரால் நிகழும் பொய்ம்மை. சோவியத் ருசியாவின் அலெக்சாந்தர் ரொட்சென்கோ சரிகோட்டின் பேராசானாகக் கருதத்தக்கவர். இடுப்பளவிற் கமராவைப் பிடித்து நேரே நோக்கும் பழக்கத்தை அவர் வெறுத்தார். மாடியிலிருந்து கீழ் நோக்கியும், நிலத்திலிருந்து மேல் நோக்கியும், சட்டகத்தைச் சாய்த்தும் அவர் எடுத்த படங்கள் உலகக் கலை வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன. 1930 இல் அவர் எடுத்த ‘படிக்கட்டுகள்’ என்ற படத்தில், குழந்தையை ஏந்திய தாய் ஒருத்தி சரிந்து செல்லும் படிக்கோடுகளை ஊடறுத்து ஏறுகின்றாள். இத்தகைய கோணங்களுக்காக அவர் உருவவாதி என்று குற்றஞ்சாட்டப்பட்டார். பின்னர், 1933 இல், வெண்கடலையும் போல்டிக் கடலையும் இணைக்கும் கால்வாயைப் படம் பிடிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. 227 கிலோமீட்டர் நீளமான அக்கால்வாய் 1931 முதல் 1933 வரையான குறுகிய காலத்தில், இலட்சத்துக்கு மேற்பட்ட கைதிகளின் கட்டாய உழைப்பால், பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே வெட்டப்பட்டது. அரசின் பதிவுகளின்படியே 12,000 பேருக்கு மேல் அங்கு இறந்தனர். ரொட்சென்கோவின் படங்களிலோ மதகுகளின் மரச்சுவர்கள் கம்பீரமான சரிகோடுகளாக உயர்கின்றன. வேலை செய்வோரிடையே இசைக்குழுவொன்று வாத்தியம் முழக்குகின்றது. அவை ‘கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்’ என்ற சஞ்சிகையின் சிறப்பிதழாகி உலகுக்கு அனுப்பப்பட்டன.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனின், அப்படங்களில் இல்லாத பொருள் எதுவும் சேர்க்கப்பட்டமையால் மட்டும் பொய் பிறக்கவில்லை என்பதாகும். மதகு இருந்தது, மனிதர் இருந்தனர், இசைக்குழுவும் இருந்தது. கோட்டின் திசை அவற்றுக்கு ஓர் உணர்ச்சியை வழங்கியது. அவ்வுணர்ச்சி அங்கிருந்தோருக்கு உரியதாக இருக்கவில்லை. குனிந்த முதுகு எதனாற் குனிந்தது என்பதைச் சரிகோடு கூறுவதில்லை. விருப்போடு உழைப்பவனின் முதுகும், காவலாளியின் கண்முன் உழைப்பவனின் முதுகும் ஒரே கோணத்திலேயே சாய்கின்றன. ரொட்சென்கோவைக் குறித்து அன்று எழுந்த விவாதத்திற் கோடு சாய்ந்ததா நிமிர்ந்ததா என்பதே வழக்காக இருந்தது. கோட்டின்கீழ் நின்றவன் எவன், அவன் அங்கு எவ்வாறு வந்தான் என்பது வழக்காகவில்லை. ஈழத்து இலக்கிய உலகில் 1960களிலும் 1970களிலும் உருவமா உள்ளடக்கமா என்று நிகழ்ந்த நெடிய விவாதத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். உருவம் உள்ளடக்கத்தின் மேற்பூச்சு என்று இருதிறத்தாருட் சிலர் கருதினர். நிழற்படத்திலோ உருவமே ஒரு கூற்று. “இவர்கள் மகிழ்ந்து உழைத்தனர்” என்ற வாக்கியத்தை ஒருவரும் எழுதாமலே ஒரு சாய்வு எழுதிவிட்டது.

இரண்டாவது, அமைதியின் பெயரால் நிகழும் பொய்ம்மை. இது முன்னையதினும் நுட்பமானது. பெரும்பாலும் தீய நோக்கமின்றியே நிகழ்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் நிழற்பட நிலையங்கள் இலங்கைக் காட்சிகளை எடுத்து விற்றன. அக்காலத்துத் தகடுகள் ஒளியைப் பதிவதற்கு நேரம் எடுத்தன. ஆதலால் எதிரே நிற்பவர் அசையாது நிற்றல் வேண்டும். இது கருவியின் குறைபாடு. ஆனால் ஐரோப்பாவில் அப்படங்களைக் கண்டவர்க்கு அஃது இந்நாட்டு மக்களின் இயல்பாகத் தோன்றியது. தென்னையின் கீழ் அசையாது நிற்கும் மீனவர், தேயிலைச் செடிகளிடையே அசையாது நிற்கும் தோட்டத் தொழிலாளர், எல்லாவற்றுக்கும் பின்னால் மாறாத மலையின் கோடு: காலமே நகராத தீவு ஒன்று காகிதத்தில் உருவாயிற்று. பசியாலும் கடனாலும் கடல் கடந்து வந்து, மலையேறி, காடு வெட்டிய ஒரு சமூகத்தின் பெரும் அலைவு அந்த அமைதியில் மறைந்துபோயிற்று.

இவ்விரண்டாம் பொய்ம்மை எத்துணை எளிதில் நிகழக்கூடும் என்பதைக் கட்டைபறிச்சானின் அண்மை வரலாறு உணர்த்தும். 2002 இன் போர்நிறுத்தக் காலத்தில் அவ்வூர் இருதரப்பாரின் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் சந்திக்கும் எல்லையருகே இருந்தது. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரைகளைத் தாக்கியது. 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கின் மீது குண்டுகள் விழுந்தன. ஓகஸ்டில் மூதூரிற் போர் மூண்டது. செப்ரெம்பரிற் சம்பூர் அரச படையினரின் கைக்கு மாறியது. இப்பகுதிகளினின்று மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அதன் மக்களிற் பலர் மட்டக்களப்புவரை அலைந்து மீண்டு, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களின் முகாம்களிற் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே அவர்தம் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன.

இவ்வாண்டுகளிற் களப்பின் நீர்க்கோடு மாறியதில்லை. மக்கள் நீங்கிய ஒரு கரையை ஒருவர் விடியற்காலையில் மட்டமாகப் பிடித்த கமராவினால் எடுத்திருப்பின், பேரமைதி நிலவும் ஓர் அழகிய படம் கிடைத்திருக்கும். மக்கள் மீண்ட பின்னர் அதே இடத்தில் அதே வேளையில் எடுத்த படமும் அவ்வாறே இருந்திருக்கும். முதலாவது வெறுமையின் அமைதி. இரண்டாவது மீட்சியின் அமைதி. கிடைக்கோடு இரண்டையும் வேறுபடுத்த அறியாது. முகாமின் தகரக் கொட்டில்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். வரிசையாக அமைந்த கூரைகளின் இணைகோடுகள் தொலைவிற் சென்று ஒரு புள்ளியிற் குவிவதாக எடுத்த படத்தில் ஒழுங்கு தெரியும்; ஆழம் தெரியும்; கண் அக்கோடுகளின் வழியே தடையின்றி அப்பாற் செல்லும். ஆனால் அக்கூரைகளின் கீழ் இருந்தவர்க்கு அப்பாற் செல்ல வழி இருக்கவில்லை. சில கல் தொலைவிலிருந்த தம் வீட்டு வாயிலுக்குச் செல்ல அவர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. காண்பவனின் கண்ணுக்குப் படம் வழங்கிய வழி, படத்தில் உள்ளவர்க்கு உலகம் மறுத்த வழியாகும். இம்முரண்பாட்டை உணராத கலைஞன் திறமையற்றவன் அல்லன். மிகுந்த திறமையுடையவனாகவே இருத்தல் கூடும். ஆபத்தும் அங்கேயே உள்ளது.

கல்விகாரைச் சிற்பியின் பின்வாங்கிய பாதம் இங்கே மீண்டும் நினைவுக்கு வருகின்றது. வெறுமையான கரையின் படத்திற் கிடைக்கோட்டைக் கைவிட வேண்டுவதில்லை. சோகத்தை உணர்த்துவதற்காகச் சட்டகத்தைச் சாய்க்கவும் வேண்டுவதில்லை. சாய்த்தால் அதுவும் இன்னொரு மிகையாகும். கரையிற் கவிழ்த்தபடி விடப்பட்டு இற்றுப்போன தோணியின் விளிம்பு, கூரையற்ற சுவரின் முறிந்த கோடு, முட்கம்பியின் மெல்லிய வரி ஆகியவற்றுள் ஒன்று சட்டகத்தின் ஓரத்தில் இருந்தாற் போதும். அழகை நாடும் கை அதனை வெட்டி நீக்க விரும்பும். அது படத்தின் தூய்மையைக் குலைக்கின்றது என்று கருதும். அதனை நீக்காது விடுவதே வாய்மை. அவ்வாறே ஆற்றலின் படத்தில், பாயும் சரிகோட்டினிடையே, அவ்வாற்றலுக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் காட்டும் ஒரு கோடு இருத்தல் வேண்டும். வலை வீசுபவரின் நிமிர்ந்த கையோடு அவரது வெறும் பறியும் சட்டகத்துள் வந்துவிடுமாயின், அவரது வீரம் குறைவதில்லை. அது அவருக்கே உரிய வீரமாகின்றது.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும். அவனை நடந்ததற்குக் கட்டுப்படுத்தினாற் கலை அறிக்கையாகிவிடும் என்பது முதலாவது. இம்மறுப்பிற் பாதி உண்மை உண்டு. அலையின் வளைவையும் மணலின் வரிகளையும் எவ்வாறு எடுத்தாலும் எவர்க்கும் தீங்கில்லை. அங்குக் கலைஞன் முழுச் சுதந்திரம் உடையவன். ஆனால் கோட்டில் ஒரு மனிதன் நிற்கும்போது, அவன் வாழ்வைப் பற்றிய கூற்றொன்று படத்தில் இடம்பெற்றுவிடுகின்றது. அக்கூற்றை மறுத்துரைக்க அவனுக்கு வாய்ப்பில்லை. படம் எங்குச் சென்றது என்பதையே அவன் அறியான். மறுக்க இயலாதவனைப் பற்றிப் பேசுபவனுக்குப் பொறுப்பு மிகுதி.

இத்தகைய வேளையில் அழகை முற்றாகத் துறந்து, சான்றை மட்டுமே பதிதல் நன்று என்பது இரண்டாவது மறுப்பு. திருகோணமலையே இதற்கு வலிய எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகின்றது. 2006 சனவரி 2 ஆம் நாள் அந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தமையால் அவர்கள் இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. ‘சுடர் ஒளி’ நாளேட்டின் செய்தியாளரான சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து வெளிவந்த படங்கள், அவர்கள் மிக அண்மையிலிருந்து சுடப்பட்டனர் என்பதைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படங்களின் முன் அமைதி, ஆற்றல் என்ற சொற்கள் கூசி நிற்கின்றன. அவற்றின் பெறுமதி காயம் எங்கே இருந்தது என்பதிலேயே தங்கியிருந்தது. இத்தகைய படங்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் அவை முழுக் கலைக்கும் மாற்றாக மாட்டா. ஒரு மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சான்று கூறும். பத்தாண்டுக் காத்திருத்தல் எவ்வாறு இருந்தது என்பதைக் கூறக் கோட்டின் துணை வேண்டும். சுகிர்தராஜனின் படங்கள் கலைஞனுக்குக் கற்பிப்பது அழகைத் துறக்க வேண்டும் என்பதன்று. காயம் இருக்குமிடத்தை மறைக்கும் அழகைத் துறக்க வேண்டும் என்பதேயாகும். கல்விகாரையின் பாதமும் அதனையே கற்பிக்கின்றது.

வள்ளுவர் வாய்மையைப் பற்றிக் கூறுமிடத்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைத்தல் என்ற அளவில் நின்றுவிடவில்லை. பிறர்க்குத் தீங்கு விளையாமை என்ற அளவுகோலால் அதனை அளந்தார். நிழற்படக் கலைஞன் இவ்வளவுகோலைத் தன் கையிற் கொள்ளல் தகும். கோடு உள்ளதா என்று மட்டும் அவன் கேட்டால், உள்ளது என்ற விடை எளிதிற் கிடைத்துவிடும். ரொட்சென்கோவின் மதகும் உள்ளதுதான். இந்த அமைதி யாருடையது, இந்த ஆற்றல் யாருடையது, படத்தில் நிற்பவர் இதனைக் கண்டால் தம்முடையதென ஏற்பாரா என்று அவன் கேட்டல் வேண்டும். காண்பவனின் களிப்புக்காகப் பிறனொருவன்மீது ஏற்றப்பட்ட அமைதியும் ஆற்றலும், எத்துணை அழகியவாயினும், அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கே.

இன்று ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசியோடு கமராவும் இருக்கின்றது. சாய்ந்த தொடுவானத்தைத் தானே நிமிர்த்தும் கருவியும், ஓரத்திலுள்ள வேண்டாத பொருளை விரலால் தொட்டு அழிக்கும் கருவியும் அதனுள் அடங்கியுள்ளன. ஆகவே ஒருகாலத்திற் சிலருக்கே உரியதாக இருந்த இப்பொறுப்பு இப்போது எல்லோர்க்கும் உரியதாகிவிட்டது. விரல் ஒருமுறை தொட்டதும் முட்கம்பி மறைகின்றது. இற்ற தோணி மறைகின்றது. பின்வாங்கிய பாதம் மற்றப் பாதத்தோடு சரியாகப் பொருந்திவிடுகின்றது. படம் அழகாகின்றது.

கட்டைபறிச்சானின் களப்பு நாளைக் காலையிலும் கிடையாகவே கிடக்கும். அதன் கரையில் ஒருவர் வலையைத் தோளிற் சுமந்து நீருள் இறங்குவார். அவரது முன்கை உயர்ந்து, உடல் ஒருபுறம் சாய்ந்து, வலை வட்டமாக விரிந்து நீரைத் தொடும். பின்னர் அவர் நெடுநேரம் அசையாது நிற்பார். அந்தச் சாய்வும் அந்த நிற்றலும் அவருடையவை. அவற்றைப் பெற்றுக்கொள்ள வருபவன், தன் கமராவை மட்டமாகப் பிடிப்பதா சாய்த்துப் பிடிப்பதா என்று தீர்மானிக்குமுன், அவருடைய பறியில் என்ன இருக்கின்றது என்று ஒருமுறை பார்த்தல் நன்று.